கனவிலே விழித்திருத்தல்



கனவில் நாம் எதைக் கண்டாலும் வியப்பதில்லை. கனவைப் பற்றிய பெரிய வியப்பு இதுவே. பல ஆண்டுகளுக்கு முன் காலமான பாட்டனார் திண்ணையில் அமர்ந்து வெற்றிலை மடித்துக் கொடுக்கிறார். நாமும் கை நீட்டிப் பெற்றுக்கொள்கிறோம். வகுப்பறைக் கதவைத் திறந்தால் கடற்கரை தெரிகிறது. நாமும் மணலில் நடக்கத் தொடங்கிவிடுகிறோம். இறந்தவர் எவ்வாறு வந்தார், வகுப்பறைக்குப் பின்னே கடல் எவ்வாறு வந்தது என்று நாம் கேட்பதில்லை. பகலில் நம் பேனா வைத்த இடத்தில் இல்லையென்றால் வீடு முழுவதையும் விசாரணை செய்யும் நாம், இரவில் உலகமே இடம் மாறினாலும் ஒரு கேள்வியும் எழுப்புவதில்லை. விழித்த பிறகுதான், "அடடா, இது கனவல்லவா!" என்கிறோம்.

ஆயினும் இந்தப் பொது விதிக்கு ஒரு விலக்கு உண்டு. சிலருக்குச் சில வேளைகளில், கனவு நிகழ்ந்துகொண்டிருக்கும்போதே, "நான் இப்போது உறங்குகிறேன்; இது கனவு" என்னும் அறிவு பிறக்கிறது. அவர்கள் விழித்துவிடுவதில்லை. கனவும் கலைந்துவிடுவதில்லை. கனவுக்கு உள்ளேயே நின்று, அது கனவென்று அறிந்தவாறே, அதைப் பார்க்கிறார்கள். இத்தகைய கனவைத் 'தெளிகனவு' என்று இன்றைய பேச்சில் குறிப்பிடுவேன். தெளிகனவு என்பது உண்மைதானா? உண்மையாயின், அதை முயன்று பழகிக்கொள்ள இயலுமா? இயலுமாயின், மாணவர்களாகிய நீங்கள் அதில் இறங்குவது தகுமா? இம்மூன்று கேள்விகளையும் முறையாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். கனவு என்றதும் நம் நாட்டில் பலருக்கு நினைவு வருவது கனவின் பலன். சிலப்பதிகாரத்தில் 'கனாத்திறம் உரைத்த காதை' என்று ஒரு காதையே இருக்கிறது. அங்கே கண்ணகி கண்ட தீக்கனவு வரப்போகும் துன்பத்தை முன்னறிவிப்பதாக அமைகிறது. அது இலக்கியத்தில் ஓர் அழகிய மரபு. நான் பேச வந்ததோ வேறு. கனவு எதை அறிவிக்கிறது என்பதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. கனவு காண்கிறவன் தான் கனவு காண்பதை அறிய முடியுமா என்பதே என் பொருள். மற்றொன்றும் கூறவேண்டும். தெளிகனவு என்றால் கனவை நம் விருப்பம்போல் ஆட்டிவைப்பது என்று சிலர் எண்ணுகின்றனர். அறிதல் வேறு, ஆளுதல் வேறு. இது கனவென்று அறிந்த பலருக்கும் அதன் போக்கை மாற்றும் ஆற்றல் ஓரளவே கைகூடுகிறது.

இந்த அனுபவம் புதியதன்று. கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில், கி.மு. நான்காம் நூற்றாண்டில் கனவுகளைப் பற்றி எழுதிய சிறு நூலில், உறங்குகிறவனுக்குள்ளேயே ஏதோ ஒன்று இது வெறும் கனவு என்று உணர்த்துவதுண்டு என்று குறிப்பிட்டிருக்கிறார். திபெத்தியப் பௌத்தத் துறவிகள், கனவில் விழிப்புணர்வோடு இருப்பதை ஒரு யோகப் பயிற்சியாகவே பல நூற்றாண்டுகள் பேணி வந்திருக்கின்றனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதை ஒரு சோதனைக்காரரின் மனப்பான்மையோடு அணுகியவர் பிரெஞ்சு நாட்டுப் பிரபு எர்வே தெ சேன்-தெனி என்பவர். அவர் தொழிலால் சீன மொழிப் புலவர். சிறு வயதிலேயே தம் கனவுகளை நாள்தோறும் எழுதியும் படமாக வரைந்தும் வைக்கத் தொடங்கினார். அந்தக் குறிப்பேடுகள் இருபத்திரண்டு ஆயின. இப்படி எழுதி வந்த பழக்கமே, கனவுக்குள் "இது கனவு" என்று அறியும் நிலைக்குத் தம்மை இட்டுச் சென்றது என்று அவர் கண்டார். 1867-இல் கனவுகளையும் அவற்றை நெறிப்படுத்தும் வழிகளையும் பற்றித் தம் பெயர் இல்லாமலே ஒரு நூல் வெளியிட்டார். அவர் செய்த சோதனை ஒன்றைச் சொல்கிறேன். வெளியூர் ஒன்றில் தங்கியிருந்தபோது ஒருவகை வாசனைத் தைலத்தை நாள்தோறும் பயன்படுத்தினார். ஊர் திரும்பியதும் அதைத் தொடுவதையே விட்டுவிட்டார். சில மாதங்கள் கழித்து, தாம் அறியாத ஓர் இரவில் அந்தத் தைலத்தின் சில துளிகளைத் தலையணையில் தெளிக்குமாறு பணியாளிடம் சொல்லி வைத்தார். அவ்வாறு தெளித்த இரவில் அந்த ஊரே அவர் கனவில் வந்தது! உறங்குபவனின் மூக்கு முற்றிலும் உறங்கிவிடவில்லை என்பதை அவர் இவ்வாறு உணர்ந்தார்.

அவருக்குப் பின் வந்தவர் ஹாலந்து நாட்டு மனநல மருத்துவரும் எழுத்தாளருமான பிரெடரிக் வான் ஈடன். 1898 முதல் 1912 வரை தமக்கு வந்த தெளிகனவுகள் 352-ஐ அவர் எண்ணிக் குறித்து வைத்தார். 1913-இல் அவர் வெளியிட்ட கட்டுரையே ஆங்கிலத்தில் இக்கனவுக்கு இன்று வழங்கும் பெயரை நிலைபெறச் செய்தது. அவர் கூறும் ஒரு நிகழ்ச்சி சுவையானது. கனவில், இது கனவென்று தெரிந்துகொண்டு, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை முட்டியால் ஓங்கிக் குத்தினார். கிண்ணம் உடையவில்லை. சற்று நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், அது உடைந்து கிடந்தது! நாடக மேடையில் தன் முறையைத் தவறவிட்ட நடிகன் சற்றுத் தாமதமாக வந்து நடிப்பதைப்போல இருந்தது என்கிறார் அவர். கனவுலகம் தத்ரூபமாக இருந்தும் எங்கோ ஓரிடத்தில் பிசகிவிடுகிறது. அந்தப் பிசகைக் கண்டுகொள்வதே தெளிகனவுப் பயிற்சியின் அடிப்படை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பயன்படும்.

இத்தனை பேர் இத்தனை சொல்லியும் அறிஞர் உலகம் நம்பவில்லை. நம்பாததற்குத் தக்க காரணமும் இருந்தது. ஒருவர் விழித்தெழுந்து, "நான் கனவில் விழிப்போடு இருந்தேன்" என்கிறார். அவர் உண்மையிலேயே உறக்கத்தில்தான் இருந்தாரா? அல்லது இரவில் ஒரு நொடி விழித்து, அப்போது எண்ணியதைக் கனவென்று மயங்கினாரா? கனவுக்குள் சாட்சி சொல்ல வேறு யாரும் நுழைய முடியாது. 1959-இல் அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் நார்மன் மால்கம் ஒரு நூல் எழுதினார். உறங்குகிறவன் "நான் உறங்குகிறேன்" என்று தீர்மானிப்பது என்னும் கூற்றே பொருளற்றது என்று அவர் வாதிட்டார். ஒருவன் தீர்மானிக்கிறான் என்றால் அவன் உறங்கவில்லை. உறங்குகிறான் என்றால் தீர்மானிக்கவில்லை. கேட்பதற்கு எவ்வளவு உறுதியான வாதமாக இருக்கிறது, பாருங்கள்!

இந்த வாதத்தை ஒரு சோதனை வென்றது. அதை விளங்கிக்கொள்ள, உறக்கத்தைப் பற்றி இரண்டு செய்திகள் தெரிந்திருக்க வேண்டும்.

முதற்செய்தி 1953-இல் வெளியாயிற்று. சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜீன் அசெரின்ஸ்கி என்ற இளம் ஆராய்ச்சியாளர், தம் ஆசிரியர் நதானியல் கிளைட்மனின் கீழ்ப் பணியாற்றி வந்தார். உறங்குகிறவர்களின் கண்ணருகே மின்முனைகளைப் பொருத்தி, அவற்றின் அசைவை ஓடும் தாளில் கருவி வரையுமாறு செய்தார். தொடக்கச் சோதனைகளுக்கு உட்பட்டவர்களில் அவருடைய சொந்த மகனும் ஒருவன். இரவில் சில வேளைகளில் மூடிய இமைகளுக்குள் கண்மணிகள் இங்கும் அங்குமாகப் பாய்வதைத் தாள் காட்டிற்று. அந்த வேளையில் எழுப்பினால் பெரும்பாலோர் கனவு கண்டதாகக் கூறினர். இதை விழியசைவு உறக்கம் என்று நாம் அழைக்கலாம். வளர்ந்தவர்களின் உறக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை இது அமைகிறது. ஏறத்தாழ தொண்ணூறு நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது. முன்னிரவில் சில நிமிடங்களே நீடிக்கும். வைகறை நெருங்க நெருங்க நீண்டுகொண்டே போகும். ஆகவேதான் நாம் நினைவில் வைத்திருக்கும் நீண்ட கனவுகள் பெரும்பாலும் விடியற்காலைக் கனவுகளாக இருக்கின்றன.

இரண்டாவது செய்தி பிரான்சு நாட்டு லியோன் நகரத்து மிஷேல் ஷூவே என்னும் விஞ்ஞானி பூனைகளிடம் கண்டறிந்தது. இந்த வகை உறக்கத்தில் மூளை விழித்திருப்பதைப்போல விறுவிறுப்பாக இயங்குகிறது. உடலின் தசைகளோ முற்றிலும் தளர்ந்து கிடக்கின்றன. இயற்கை செய்த பாதுகாப்பு இது. இல்லையேல் கனவில் ஓடுகிறவன் கட்டிலிலிருந்து எழுந்து ஓடிவிடுவான் அல்லவா? ஆனால் மூச்சுக்குரிய தசையும் கண்ணை அசைக்கும் தசைகளும் இந்தத் தளர்ச்சிக்கு விலக்கு.

இப்போது எண்ணிப் பாருங்கள். கனவு காண்கிறவன் பேச முடியாது, கையசைக்க முடியாது. அவனுடைய சிறையில் திறந்திருக்கும் ஒரே சன்னல் கண். அப்படியானால், "கனவு என்று தெரிந்ததும் கண்ணை இடமும் வலமுமாக இத்தனை முறை அசைத்துக் காட்டு" என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால் என்ன?

இதைச் செய்து பார்த்தவர் இங்கிலாந்தில் ஹல் பல்கலைக்கழகத்தில் இருந்த கீத் ஹெர்ன். ஆலன் வொர்ஸ்லி என்பவர் அடிக்கடி தெளிகனவு காணும் இயல்பினர்; அவரை ஆய்வுக்கூடத்தில் உறங்கச் செய்தார். 1975-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் காலையில், ஓடும் தாளில் தாறுமாறான விழியசைவுகளுக்கு நடுவே, ஒழுங்கான இடவல அசைவுகள் வரிசையாக எழுந்தன. மூளையின் மின்னலையும் தசையின் தளர்ச்சியும் அவர் உறக்கத்திலேயே இருப்பதைக் காட்டிக்கொண்டிருந்தன. கனவுக்குள்ளிருந்து வெளியுலகுக்கு வந்த முதல் செய்தி அது!

இதை அறியாமலே, அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் லபெர்ஜ் என்னும் ஆராய்ச்சி மாணவர் அதே வழியில் சென்றார். அவர் தம்மையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டார். கண்ணசைவு மட்டுமன்றி, கனவில் இடக்கை முட்டியையும் வலக்கை முட்டியையும் ஒரு முறைப்படி இறுக்கினார். உடல் தளர்ந்திருந்தபோதிலும் முன்கைத் தசையில் மெல்லிய துடிப்புகள் பதிந்தன. அவற்றைத் தந்திக் குறியீடாகப் படித்தால், அவர் பெயரின் முதல் எழுத்துகள் இரண்டும் கிடைத்தன. 1981-இல் இந்த முடிவுகள் அச்சேறின. தீர்மானிக்கிறவன் உறங்க முடியாது என்ற வாதத்துக்கு, உறங்கிக்கொண்டே தம் பெயரைத் தந்தியடித்த ஒருவர் விடை சொல்லிவிட்டார்.

இக்கதை அங்கே முடியவில்லை. 2021-இல் அமெரிக்கா, பிரான்சு, ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நான்கு நாட்டு ஆய்வுக்கூடங்கள் கூடி ஒரு முடிவை வெளியிட்டன. கனவு காண்கிறவர் வெளியே செய்தி அனுப்பலாம் என்பது முன்பே தெரியும். வெளியிலிருந்து கேள்வி கேட்டால் அவர் விடை சொல்வாரா என்று இவர்கள் பார்த்தனர். உறங்கும் ஒருவரிடம், "எட்டிலிருந்து ஆறு போனால் எவ்வளவு?" என்று மெல்லக் கேட்டார்கள். கண் இருமுறை இடவலமாக அசைந்தது. விடை சரி! ஆயினும் இதை மிகைப்படுத்தக் கூடாது. 36 பேரிடம், தெளிகனவு என்று அடையாளம் கிடைத்த வேளைகளில் கேட்ட 158 கேள்விகளில், சரியான விடை கிடைத்தவை ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. பெரும்பாலான கேள்விகளுக்கு விடையே வரவில்லை. ஆனால் தவறான விடைகள் மிக மிகச் சிலவே. தற்செயலாகக் கண் அசைந்திருந்தால், தவறுகள் அல்லவா மிகுந்திருக்க வேண்டும்?

இந்தக் குறியீட்டு முறையால் வேறு சில உண்மைகளும் தெரிய வந்துள்ளன. ஒரு நொடிக்குள் ஓராண்டுக் கனவு நடந்து முடிந்துவிடுகிறது என்று பலர் நம்புகின்றனர். கனவில் பத்துவரை எண்ணி, தொடக்கத்திலும் முடிவிலும் கண்ணால் அடையாளம் காட்டச் சொன்னபோது, ஏறத்தாழ விழிப்பில் எண்ணும் அதே நேரம்தான் பிடித்தது. கனவில் மூச்சை அடக்கியவரின் உண்மை மூச்சும் அடங்கிற்று. 2011-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில், கனவில் கை முட்டியை இறுக்கியவரின் மூளையைப் படம் பிடித்தனர். விழிப்பில் கையை அசைக்கும்போது இயங்கும் அதே பகுதி அப்போதும் இயங்கியது. கனவில் செய்கிறவை மூளையைப் பொறுத்தவரை வெறும் பொய்யல்ல என்பது தெரிகிறது. கனவில் நாம் ஏன் கேள்வி கேட்பதில்லை என்று தொடக்கத்தில் பார்த்தோமே, அதற்கும் இங்கே ஒரு குறிப்பு உண்டு. சாதாரண விழியசைவு உறக்கத்தில், நெற்றிக்குப் பின்னே அமைந்த மூளைப்பகுதிகளில் சில, அதாவது எண்ணிப் பார்ப்பதற்கும் சரிபார்ப்பதற்கும் துணை செய்பவை, ஓய்ந்திருக்கின்றன. தெளிகனவில் அவை ஓரளவு மீண்டும் இயங்குவதாக, மிகச் சிலரிடம் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன.

இனி இரண்டாம் கேள்வி. இதைப் பழகிக்கொள்ள முடியுமா? 2016-இல், அரை நூற்றாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், நூற்றுக்கு 55 பேர் வாழ்நாளில் ஒருமுறையேனும் தெளிகனவு கண்டிருக்கின்றனர் என்றும், 23 பேர் திங்களுக்கு ஒருமுறையேனும் காண்கின்றனர் என்றும் கணக்கிட்டனர். ஆகவே இது ஏதோ சித்தர்களுக்கு மட்டும் வாய்த்த ஆற்றல் அன்று. பயிற்சிக்குரிய படிகள் நான்கு.

முதற்படி, நினைவு. கண்ட கனவே நினைவில் நில்லாதவனுக்குத் தெளிகனவு வந்தும் பயனில்லை. தலைமாட்டில் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். விழித்ததும் உடனே எழுந்துவிடாமல், புரளாமல், கண்ணை மூடியவாறே, "இப்போது எங்கிருந்தேன்?" என்று கேளுங்கள். ஒரு முகமோ ஒரு சொல்லோ கிடைத்தால் போதும். நூலைப் பிடித்து இழுத்தால் பந்து முழுவதும் வருவதைப்போல மற்றவை வரும். அவற்றை எழுதுங்கள். நானும் சில மாதங்கள் இவ்வாறு எழுதினேன். முதல் வாரத்தில் இரண்டு வரி எழுதுவதற்கே கனவு போதவில்லை. ஒரு திங்கள் கழிந்தபோது பக்கங்கள் நிரம்பின. எழுதியவற்றைப் படித்துப் பார்த்தபோது ஓர் உண்மை விளங்கிற்று. என் கனவுகள் ஆயிரம் வகை என்று நினைத்திருந்தேன். அவை திரும்பத் திரும்பச் சில இடங்களையே சுற்றி வந்தன. பரீட்சை அறை, தவறவிட்ட இரயில், எண்ணிக்கையில் அடங்காத அறைகள் கொண்ட ஒரு பழைய வீடு: இவையே என் கனவின் அடையாளங்கள். உங்கள் அடையாளங்கள் வேறாக இருக்கும்.

இரண்டாம் படி, கேள்வி. பகலில் பல முறை நின்று, "நான் இப்போது கனவு காண்கிறேனா?" என்று கேட்டுப் பழக வேண்டும். சிரிக்காதீர்கள்! இரவில் கேள்வி கேட்க வேண்டுமானால் அப்பழக்கம் பகலிலேயே ஊன்றியிருக்க வேண்டும். வாயால் மட்டும் கேட்டுவிட்டுப் போனால் பயனில்லை. சோதித்தும் பார்க்க வேண்டும். ஓர் அச்சிட்ட வரியைப் படியுங்கள். பார்வையை விலக்கி மீண்டும் படியுங்கள். விழிப்பில் அது மாறாது. கனவில் பெரும்பாலும் மாறிவிடும். அல்லது மூக்கை விரல்களால் அழுத்திப் பிடித்து, வாயை மூடி, மூச்சு விட்டுப் பாருங்கள். கனவில், மூக்கை மூடிய பின்னும் மூச்சு எளிதாகச் செல்லும். ஏனெனில் உண்மையான மூக்கை யாரும் மூடவில்லை. வான் ஈடனின் உடையாத கிண்ணம் நினைவிருக்கிறதா? இவை யாவும் அந்தப் பிசகைத் தேடும் முறைகளே.

மூன்றாம் படி, சங்கற்பம். இது லபெர்ஜ் வகுத்த முறை. இரவில் ஒரு கனவிலிருந்து விழிக்கும்போது, அந்தக் கனவை முழுதும் நினைவுக்குக் கொண்டுவாருங்கள். மீண்டும் உறங்கப் போகும்போது, "அடுத்த முறை கனவு காணும்போது, கனவு காண்கிறேன் என்பதை நினைவுகொள்வேன்" என்று மனத்தில் உறுதியாகச் சொல்லிக்கொள்ளுங்கள். அதே கனவுக்குள் திரும்பச் சென்றதாகவும், அதிலுள்ள பொருத்தமற்ற ஒன்றைக் கண்டு "இது கனவு" என்று அறிந்ததாகவும் கற்பனை செய்யுங்கள். உறக்கம் வரும்வரை இதையே தொடருங்கள். கடைக்குப் போகும்போது தபாலைப் போடவேண்டும் என்று மனத்தில் முடிச்சுப் போட்டுக்கொள்கிறோமே, அதே ஆற்றல்தான் இங்கும் பயன்படுகிறது.

நான்காம் படி, வேளை. ஐந்து மணி நேரம் போல உறங்கியபின் விழித்து, சில நிமிடங்கள் கழித்து, மேற்சொன்ன சங்கற்பத்தோடு மறுபடி உறங்குவது. விழியசைவு உறக்கம் பின்னிரவில்தான் மிகுதி என்று கண்டோம். ஆகவே கனவின் வாயிலருகே சென்று காத்திருப்பதைப் போன்றது இது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் டென்ஹோம் ஆஸ்பி என்பவர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், பகற் சோதனை, இடையில் விழித்தல், சங்கற்பம் ஆகிய மூன்றையும் ஒரு வாரம் செய்தவர்களுக்கு, முயன்ற இரவுகளில் நூற்றுக்கு 17-இல் தெளிகனவு வந்தது. சங்கற்பம் முடிந்து ஐந்து நிமிடத்துக்குள் உறங்கிவிட்டவர்களுக்கு அது நூற்றுக்கு 46 ஆக உயர்ந்தது. முதல் வாரத்திலேயே எல்லாருக்கும் வரும் என்பதற்கில்லை. பலருக்குப் பொறுமை வேண்டும் என்பதை இவ்வெண்களே சொல்கின்றன.

எனக்கு முதன்முதலாக அது வாய்த்தது ஒரு பரீட்சைக் கனவில். வினாத்தாளைப் படித்தேன், கணக்குப் பாடம். எழுதத் தொடங்குமுன் மீண்டும் பார்த்தேன், சரித்திரப் பாடம்! பகலில் பழகிய கேள்வி தானே எழுந்தது. "வரிகள் மாறுகின்றனவே, இது கனவா?" என்றேன். அந்தக் கணத்தில் அறை முழுவதும் விளக்கேற்றியதைப்போலத் தெளிவாயிற்று. மேசையின் மரவரிகளைக்கூட எண்ணலாம்போல இருந்தது. பயம் முழுவதும் கரைந்துபோயிற்று. எழுதத் தேவையில்லாத பரீட்சை அல்லவா! மகிழ்ச்சி மிகுந்தது, மகிழ்ச்சியே என்னை எழுப்பிவிட்டது. முதல் அனுபவம் பலருக்கும் இவ்வாறு சில நொடிகளில் கலைந்துவிடும். அப்போது கனவிலேயே கைகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொள்வதும், அருகிலுள்ள பொருள்களைத் தொட்டுப் பார்ப்பதும் கனவை நீடிக்கச் செய்யும் என்று அனுபவமுள்ளோர் கூறுவர்.

மூன்றாம் கேள்விக்கு வருவோம். இதனால் என்ன பயன்? இதில் இறங்கலாமா?

பயன்களுள் தலையாயது அச்சக் கனவிலிருந்து விடுதலை. எனக்குத் தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவருக்கு, வெள்ளம் வீட்டுக்குள் புகுவதாகத் திரும்பத் திரும்பக் கனவு வந்தது. உறங்கவே அஞ்சினார், விளக்கை எரியவிட்டு விழித்திருப்பார், மறுநாள் வகுப்பில் தலை சாயும். படிப்பு வீழ்ந்துகொண்டே வந்தது. அவர் நான் சொன்ன படிகளைப் பின்பற்றினார். ஏழெட்டு வாரங்களுக்குப் பின் ஒரு விடியற்காலையில், வெள்ளம் வாசற்படி ஏறும்போது, "இது அந்தக் கனவுதான்" என்று அறிந்தார். ஓடவில்லை, நின்று பார்த்தார். நீர் முழங்கால்வரை வந்து நின்றுவிட்டது என்றார். அதன்பின் அக்கனவு அரிதாயிற்று. ஒருவர் அனுபவம் விஞ்ஞானச் சான்று ஆகிவிடாது. ஆனால் அச்சக் கனவுகளுக்கு இம்முறை துணைசெய்யும் என்பதைச் சில சிறு ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. துன்பம் கடுமையாக இருந்தால் தக்க மருத்துவரை நாடுவதே முதல் வழி. இது துணை வழியே.

எச்சரிக்கைகளையும் சொல்லாமல் விடக்கூடாது. பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுவரை உள்ளவர்களுக்கு நாள்தோறும் எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் வேண்டும். அதற்கு மேற்பட்டவர்களுக்கு ஏழு மணியேனும் வேண்டும். படித்த பாடம் நினைவில் நிலைபெறுவதும் உறக்கத்தில்தான். ஆதலால் பாதி இரவில் விழிக்கும் நான்காம் படியை, பள்ளி நாட்களிலும் தேர்வுக் காலத்திலும் மேற்கொள்ள வேண்டாம். விடுமுறையில், விழித்த நேரத்துக்கு ஈடாகக் காலையில் கூடுதலாக உறங்க முடிந்தால் மட்டும் முயலலாம். முதல் மூன்று படிகளுக்கு உறக்கத்தை விலையாகக் கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டாவதாக, இரவில் விழித்து உறங்கும்போது சிலருக்கு மனம் விழித்தும் உடல் அசையாத நிலை சற்று நேரம் உண்டாகலாம். மார்பில் யாரோ அமர்ந்ததைப்போலத் தோன்றும். நம் ஊரில் அதை 'அமுக்குப் பிசாசு' என்பர். முன்பு சொன்ன தசைத் தளர்ச்சி விழித்த பின்னும் சிறிது நேரம் நீடிப்பதே அது. பிசாசு எதுவும் இல்லை. அஞ்சாமல் அமைதியாக மூச்சு விட்டால் தானே விலகும். மூன்றாவதாக, விழிப்பில் எது உண்மை, எது தோற்றம் என்று பிரித்தறிவதில் ஏற்கனவே இடர்ப்படுவோர், மனநோய்க்கு மருத்துவம் பெறுவோர் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்கலாகாது. தெளிகனவு தருவதாகச் சொல்லி விற்கும் மாத்திரைகளையும் அவ்வாறே தவிர்த்துவிடுங்கள்.

நண்பர்களே, இக்கதையில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது கனவில் பறப்பதோ மலையைத் தாண்டுவதோ அன்று. ஒருவர் மட்டுமே காணக்கூடிய ஒன்றை, அனைவரும் சரிபார்க்கக்கூடியதாக மாற்றினார்களே, அதுதான். அரிஸ்டாட்டில் முதல் வான் ஈடன்வரை சொன்னதெல்லாம் உண்மையாகவே இருந்தும், அது நெடுங்காலம் தனிமனிதர் கூற்றாகவே நின்றது. "கண்ணை இப்படி அசை" என்ற ஓர் எளிய உடன்பாடு அதை விஞ்ஞானமாக்கிற்று. நம்பவும் மறுக்கவும் அவசரப்படாமல், "இதை எப்படிச் சோதிப்பது?" என்று கேட்டவர்களின் வெற்றி அது.

தெளிகனவு உங்களுக்கு வாய்த்தாலும் வாய்க்காவிட்டாலும், அதற்கான பயிற்சி வீண்போகாது. பகலில் நாம் காண்பதையும் கேட்பதையும் படிப்பதையும் கூடப் பல வேளைகளில் கனவில் போலவே கேள்வியின்றி ஏற்றுக்கொள்கிறோம். நாளுக்குச் சில முறை நின்று, "இது உண்மையா? எப்படித் தெரியும்?" என்று கேட்கும் பழக்கம் மாணவர்க்கு வேண்டிய பழக்கமே. இன்றிரவு தலைமாட்டில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, நேரத்தோடு படுத்து, நன்றாக உறங்குங்கள். நாளைக் காலையில் முதல் வரியை எழுதுங்கள்.